அரகோனுக்குக் கைதட்டும் தோழர்களுக்கு

நம்ம பக்கத்து வாசிப்பு வட்டங்களில் இப்போது ஸ்பெயின் பேச்சுதான். உள்நாட்டுப் போருக்கு நடுவே 1936 அக்டோபரில் அரகோன் வட்டாரத்தில் அராஜகவாதிகள் தங்கள் ஆட்சிக் கவுன்சிலை அமைத்தார்கள். கூட்டு உழவு, பல ஊர்களில் காசே கிடையாது. பத்தே மாதம். 1937 ஆகஸ்டில் அதைக் கலைத்தவன் பிராங்கோ இல்லை. கூட நின்று சண்டை போட்ட குடியரசு அரசுதான் உத்தரவு போட்டது, கம்யூனிஸ்ட் தளபதி லிஸ்டரின் படை உள்ளே புகுந்தது. படிக்க வேண்டிய வரலாறுதான், மறுக்கல.

ஆனா தோழர்களே, ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா, அதற்கும் மேலே தெலங்கானா. அங்கே நடந்த கிராம ராஜ்யத்தைப் பற்றி ஏன் ஒருத்தரும் வாய் திறக்கறதில்ல? அதைப் பேசினா சாதியையும் பேசணும், அதனாலயா?

1946 ஜூலை 4, கடவெண்டியில் தொட்டி கொமரய்யா சுட்டுக் கொல்லப்பட்டார். நிஜாமின் ரசாக்கர்களும் தேஷ்முக்குகளின் அடியாட்களும் ஒரு பக்கம், சங்கம் மறுபக்கம். சுமார் 3,000 கிராமங்களில் சங்கத்தின் பஞ்சாயத்து நடந்தது, 10 லட்சம் ஏக்கர் பிரித்துக் கொடுக்கப்பட்டது என்பது கட்சிக் கணக்கு. வெட்டி ஒழிந்தது. தொரைக்கு ஓசியில் செருப்புத் தைத்து, கவலைக்குத் தோல் கொடுத்து, பறையடித்து ஓய்ந்த மாதிகாவுக்கு அது என்ன விடுதலை என்பதை எந்தப் புத்தகமும் முழுசாகச் சொல்லிவிடாது. அதைக் கொச்சைப்படுத்த நான் வரவில்லை.

கேள்வி வேறு. முதலில் வைத்த நில உச்சவரம்பு 500 ஏக்கர்! பிறகுதான் 100 ஏக்கர் புன்செய், 10 ஏக்கர் நன்செய் என்று இறங்கியது. அதற்குள் அடங்கிய பணக்கார ரெட்டி யாரை வைத்து உழுதான்? மாலாவையும் மாதிகாவையும் வைத்துத்தானே. அவனும் தோழர், அவன் பண்ணையாளும் தோழர். தலைமையில் ரெட்டியும் கம்மாவும், தளத்தில் துப்பாக்கி தூக்கிச் செத்ததில் நம்மாளும். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் வந்தது. நிஜாமுக்கு ஐந்து நாள், கிராமங்களுக்கு மூன்று வருஷம். 1951 அக்டோபரில் போராட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஓடிப்போன தொரைகள் பல ஊர்களில் திரும்பி வந்து நிலத்தைப் பிடுங்கினார்கள். கையில் பட்டா இல்லாத சேரிக்காரன் என்ன பண்ணுவான்?

பட்டா இருந்தும் பறிகொடுத்தவர்கள் நாம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையால்தான் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. இன்றைய திருவள்ளூர் அன்று அந்த மாவட்டம்தான். அந்த நிலத்தைக் கேட்டுக் காரணையில் கிளம்பிய போராட்டத்தில் 1994 அக்டோபரில் ஜான் தாமசையும் ஏழுமலையையும் போலீஸ் சுட்டது. அரகோனின் தலைவர் அஸ்காஸோ பெயர் நம் மாணவர்களுக்கு மனப்பாடம். இந்த இரண்டு பெயரைக் கேட்டால் முழிக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி தாலுகாக்களில் எந்தெந்த சர்வே எண் டி.சி. நிலம், இன்று அது யார் பெயரில் இருக்கிறது, எது கம்பெனி காம்பவுண்டுக்குள் போனது? அடுத்த கூட்டத்துக்கு ஸ்பெயின் புத்தகம் ஒரு கையில் இருக்கட்டும். இன்னொரு கையில் உங்கள் ஊர் அ-பதிவேட்டு நகலோடு வாங்க.