ஒத்தச் செல்போன்

சங்கரன்கோவிலில் இருந்து கேக்கேன். கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாதுன்னு சொல்லுதாக. சரி. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். பிறகு பாடம் செல்போனுக்குள் போனது. எங்கள் சேரி வீட்டில் இருந்த ஒத்தச் செல்போனோ, கூலிக்குப் போன அப்பனோடு போனது. கல்வித் தொலைக்காட்சி ஓடியது. புரியலைன்னா டிவியிடம் கேக்க முடியுமா? 2011இல் அரசு தொடங்கிய இலவச மடிக்கணினியும் மேல்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும்தான். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டவில்லை.

அன்று படிக்காதே என்று விரட்டினார்கள். இன்று விரட்ட ஆளே வேண்டாம். நெட்டுக்குக் காசில்லை, அது போதும்.

கம்ப்யூட்டர் வேண்டாமென்று சொல்ல நான் முட்டாளில்லை. அம்பேத்கரின் எழுத்தும் பேச்சும் இன்று இணையத்தில் காசில்லாமல் கிடக்கு. அதைத் திறந்து படிக்க, சேரிக்குள்ளேயே கம்ப்யூட்டரோடு படிப்பகம் வை. இது சலுகையில்லை, எங்களுக்கு வரவேண்டிய பாக்கி.