கடலடியிலும் கொள்ளையா?

சமுத்திரத்தின் அடியில் கிடக்கும் உலோகங்களை வாரி எடுத்து வியாபாரம் செய்யவேண்டுமென்று சில கம்பெனிகளும், அவைகளுக்குக் கைகொடுக்கச் சில சர்க்கார்களும் புறப்பட்டிருக்கின்றன. இது எங்கோ பசிபிக் சமுத்திரத்தில் நடக்கும் சங்கதி, நமக்கென்ன என்று நம் தோழர்களில் சிலர் நினைக்கலாம். உலகத்தார் எல்லோருக்கும் பொதுவான சொத்தை நாலு பேர் தங்கள் பெட்டிக்குள் போட்டுக்கொள்ளும் காரியம் எங்கு நடந்தாலும் அது நம் காரியமேயாகும். பொதுக்குளம், பொதுக்கிணறு, பொதுத்தெரு என்பவைகளுக்காகப் போராடிவந்த இயக்கத்தார், பொதுக்கடலைப் பற்றி வாய்மூடி இருக்க நியாயமில்லை.

விஷயம் இதுதான். ஹவாய்த் தீவுகளுக்கும் மெக்சிகோ தேசத்துக்கும் நடுவில் கிளாரியன்-கிளிப்பர்டன் என்றொரு கடற்பிரதேசம் இருக்கிறது. விஸ்தீரணம் சுமார் 45 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவை விடப் பெரியது. ஆழம் 4000 முதல் 5500 மீட்டர். அங்கே தரையில் உருளைக்கிழங்கு போல, நிக்கல், கோபால்ட், செம்பு, மாங்கனீஸ் கலந்த உருண்டைகள் சிதறிக் கிடக்கின்றன. ஓர் உருண்டை 10 லட்சம் வருஷத்தில் சில மில்லிமீட்டர்தான் வளரும். தரையோடு இவைகளை உறிஞ்சும் யந்திரத்தை இறக்கி, குழாய் வழியாகக் கப்பலில் ஏற்றி, மிஞ்சிய சேற்றுத் தண்ணீரைத் திரும்பவும் கடலிலேயே விடுவது என்பதுதான் திட்டம்.

இந்தக் கடலடி யாருக்குச் சொந்தம்? மால்ட்டா தேசத்துப் பிரதிநிதி ஆர்விட் பார்டோ 1967-ல் ஐக்கிய நாடுகள் சபையில் இது மனித சமூகத்தின் பொதுச் சொத்தாக இருக்கவேண்டுமென்று பேசினார். 1982-ல் ஏற்பட்ட கடல் சட்டத்திலும் அப்படியே எழுதப்பட்டது. எழுத்தில் இருப்பது வேறு, நடப்பது வேறு என்பது நமக்குப் புதிதா? "உலகமே ஒரு குடும்பம்" என்று சுலோகம் சொல்லிக்கொண்டே தெருவில் நடக்கவிடாமல் துரத்தியவர்களை நாம் பார்த்ததில்லையா? இந்தச் சொத்தைப் பரிபாலிக்க 1994-ல் ஜமைக்காவில் ஏற்படுத்தப்பட்ட ஸ்தாபனத்துக்கே, சுரங்க அனுமதி கொடுக்கும் வேலையும் கடலைக் காக்கும் வேலையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. கோவில் தர்மகர்த்தாவே கோவில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு அதில் வரும்படியும் பார்ப்பாரானால் கணக்குக் கேட்பது யார்?

நிற்க, இந்தக் கூத்தில் முன்னால் நிறுத்தப்பட்டிருப்பது நவுரு என்ற 21 சதுர கிலோமீட்டர் தீவு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் 1907 முதல் அத்தீவின் பாஸ்பேட் மண்ணை வெட்டிக் கப்பலேற்றி, தங்கள் நாட்டு வயல்களுக்கு உரமாக்கின. தீவில் 100-க்கு 80 பாகம் பயிரும் வீடும் இல்லாத கற்கூர்களாக நிற்கிறது. 1968-ல் சுதந்திரம் வந்தது; சுரங்கம் தீர்ந்ததும் தரித்திரமும் வந்தது. உலக நீதிமன்றம் வரை போன பிறகே, 1993-ல், ஆஸ்திரேலியா 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. சொந்த மண்ணைப் பறிகொடுத்த அதே நவுருவின் பெயரில்தான் கனடாவின் தி மெட்டல்ஸ் கம்பெனி கடலடிக்கு உரிமை வாங்கியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் விதிகளை முடியுங்கள் என்று 2021 ஜூனில் நவுருவைக் கொண்டு கெடு வைத்தார்கள். விதிகள் முடியாமலே 2023 ஜூலையில் கெடு கழிந்தது. 2025 ஏப்ரல் 24-ல், அந்தக் கடல் சட்டத்தில் சேராத அமெரிக்காவின் தலைவர் டிரம்ப் தாமே அனுமதி கொடுப்பதாக உத்தரவு போட்டார். ஐந்து நாளில் கம்பெனி அங்கே விண்ணப்பத்தோடு ஓடிற்று. சட்டத்தில் நம்பிக்கை உள்ளவன் செய்யும் காரியமா இது?

பப்புவா நியூகினியின் கதையும் இதுவே. நாட்டிலஸ் என்ற கம்பெனிக்கு 2011-ல் கடலடிச் சுரங்க உத்தரவு கொடுத்த அந்த ஏழை சர்க்கார், அதில் சுமார் 12 கோடி டாலரையும் போட்டது. 2019-ல் கம்பெனி திவாலாயிற்று. உலோகமும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை.

சேதம் என்று நீங்கள் சொல்வதற்கு ருசு என்ன என்பார்கள். 1989-ல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் பெரு நாட்டை அடுத்த ஆழ்கடலில் தரையை உழுது பார்த்தார்கள். 26 வருஷம் கழித்து 2015-ல் போனபோது உழுத சால் அப்படியே இருந்தது. கிளாரியன் பிரதேசத்தில் 1979-ல் யந்திரம் ஓட்டிய இடத்தை 2023-ல் பார்த்ததில், சில சிறு பிராணிகள் திரும்பியிருந்தபோதிலும் யந்திரத் தடம் மறையவில்லை. அங்கே இருப்பதாக மதிக்கப்படும் 5,500-க்கு மேற்பட்ட பிராணி வகைகளில் 100-க்கு 90 இன்னும் பெயர்கூட வைக்கப்படாதவை. அவைகளில் பல அந்த உருண்டைகளின் மேலேயே ஒட்டி வாழ்பவை. உருண்டை போனால் அவைகளும் போயின. இன்னதென்று தெரியாததை அழித்துவிட்டு நஷ்டமில்லை என்பவன், பார்க்காத சொர்க்கத்துக்குச் சீட்டு விற்கும் புரோகிதனை விட எந்த விதத்தில் உயர்ந்தவன்?

மின்சார மோட்டார்களுக்கு இந்த உலோகம் வேண்டும், இல்லாவிட்டால் உலகம் வெந்துபோகும் என்பது அவர்களுடைய மந்திரம். நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத, இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட பாட்டரிகள் இன்று லட்சக்கணக்கான வண்டிகளில் ஓடுகின்றன. பி.எம்.டபிள்யூ., வோல்வோ, கூகிள், சாம்சங் எஸ்.டி.ஐ. ஆகிய கம்பெனிகளே 2021-ல் கடலடி உலோகம் வேண்டாமென்று கையொப்பமிட்டன. காங்கோவிலும் இந்தோனேஷியாவிலும் நிலச்சுரங்கங்கள் செய்யும் அக்கிரமத்தை இது நிறுத்துமாம். புதிய சாராயக்கடை திறந்தால் பழைய கடை மூடப்படுமா? இரண்டும் நடக்கும், விலை இறங்கினால் இன்னும் அதிகம் குடிப்பார்கள்.

நாம் யந்திரத்துக்கு விரோதிகளல்ல. கடலை வருணன் வீடென்றோ, கடல் மாதா கோபிப்பாளென்றோ சொல்லித் தடுப்பவர்களும் அல்ல. கடலுக்குத் தெய்வமில்லை என்பதினாலேயே அதைக் காக்கவேண்டிய பொறுப்பு மனிதனுக்கு அதிகமாகிறது. யந்திரம் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், ஆதாரம் எங்கே என்று கேட்பதே பகுத்தறிவு.

இந்தியாவும் இதில் பங்காளி. 1987-ல் இந்துமகா சமுத்திரத்தின் நடுவில் இடம் பதிவு செய்து, இன்று 75,000 சதுர கிலோமீட்டரை வைத்திருக்கிறது. அங்கே இறக்கும் யந்திரங்களைச் செய்யும் வேலை சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள கடல் தொழில்நுட்ப நிலையத்தில் நடக்கிறது. ஆராய்ச்சி நடக்கட்டும், அறிவைத் தேடுவதை நாம் வரவேற்கிறோம். ஆராய்ச்சியின் பெயரால் சுரங்கத்துக்கு வழிபோடுவதானால், கணக்கும் முடிவுகளும் தமிழில், மீன்பிடிக்கும் குப்பத்தானுக்கும் புரியும்படி வெளியிடப்படவேண்டும்.

ஆகவே, தீங்கில்லை என்று ருசுப்படுத்தவேண்டியது வெட்ட வருபவனுடைய கடமை. அதுவரை ஒரு யந்திரமும் இறங்கக்கூடாது என்பது நம் அபிப்பிராயம். பலாவு, பிஜி முதலிய சிறு தீவுகள் 2022-ல் இதைச் சொல்லத் துணிந்தன. இன்று 30-க்கு மேற்பட்ட தேசங்கள் கூடச் சொல்கின்றன. இந்தியா எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் பொதுஜனங்கள் கேட்கவேண்டும். நிலத்தைப் பங்கு போட்டபோது நம் பாட்டன்மாரை யாரும் கேட்கவில்லை. கடலடியைப் பங்கு போடும்போதாவது கேட்காமல் விடக்கூடாது.