துண்டும் தொழிற்சந்தையும்

பதுளை நகரில் தொழிற்சந்தை கூடும் நாட்களில், ஸ்பிரிங்வெளி மலையிலிருந்து இறங்கும் காலை பஸ்ஸில் நம் பிள்ளைகள் ஏறுகிறார்கள். கையில் ஓர் உறை; அதனுள் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறும் கணினிப் பயிற்சிச் சான்றிதழும். மாலையில் திரும்பும்போது அந்த உறை கனத்திருக்கிறது. ஆனால் அதில் சேர்ந்தவை விளம்பரத் தாள்களேயன்றி நியமனக் கடிதம் அன்று. “கூப்பிடுவார்கள்” என்ற ஒரு சொல்லை நம்பி, லயத்து அறையில் தொலைபேசியைப் பார்த்தபடி வாரங்கள் கழிகின்றன.

இச்சந்தைகளால் யாருக்கு என்ன பயன்? இக்கேள்வியைக் கேட்க மலையகத்தாராகிய நமக்குத் தனி உரிமை உண்டு. ஏனெனில், நம் வரலாறே ஆள் சேர்ப்பின் வரலாறு. கங்காணி தமிழகத்துக் கிராமங்களுக்குப் போய், தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டினான், முன்பணம் கொடுத்தான், அந்தப் பணமே கடனாய்க் கழுத்தை இறுக்கிற்று. கங்காணியும் அவன் ஆட்களும் தோட்டத்துக்குப் பட்ட கடன் எவ்வளவு, அதைக் கட்டி அவர்களை அழைத்துச் செல்லலாம் என்று எழுதிய கடதாசிக்குத் ‘துண்டு’ என்று பெயர். 1921ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை மனிதர் அந்தக் கடதாசியில் கைமாறினர். வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. வாக்குறுதியின் விலையை உழைத்தவன் செலுத்தினான். அதன் இலாபத்தைச் சொன்னவன் பெற்றான்.

இன்றைய தொழிற்சந்தையில் கடனும் இல்லை, துண்டும் இல்லை. இந்த வேறுபாட்டை நாம் மறைக்கவில்லை. ஆயினும், வாக்குறுதிக்குப் பொறுப்பேற்போர் எவருமில்லை என்பதில் பழைய வழக்கம் மாறிற்றா?

இப்பொழுது புதிதாய் ஒரு பேச்சுக் கேட்கிறது. ஸ்டார்ட் அப் எனப்படும் தொடக்க நிறுவனங்கள் பெருகுகின்றனவாம். அவை பட்டத்தையும் ஊரையும் பாராமல் திறமையை மட்டுமே பார்க்குமாம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஐந்து பேர் கூடி நடத்தும் நிறுவனத்துக்கு வேண்டியது நூறு பேரல்லர். அடுத்த மாதத்துக்கு ஒருவர். அந்த ஒருவரைத் தேட அது பதுளைக்கு வந்து மேசை போடுமா? தன்னோடு படித்தவனை அழைக்கும். அவனுக்குத் தெரிந்தவனைக் கேட்கும். பணம் முடங்கினால் நாளையே மூடக்கூடிய நிறுவனம், பழக்கித் தேற்ற வேண்டிய புதியவனை விடப் பழகிய கையையே நாடும். சந்தையில் மேசை போட வருவோர் பெரும்பாலும் ஆட்கள் மொத்தமாய்த் தேவைப்படுவோரும், சேர்ந்தவர்கள் நிலையாததால் ஓயாது ஆள் தேடுவோருமே.

1974இல் மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர், அமெரிக்காவின் நியூட்டன் நகரில் தொழில் மாறிய அலுவலர்களை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அவர்களுள் 56 சதவீதத்தினர் தெரிந்தவர் மூலமே வேலை பெற்றிருந்தனர். அதிலும் பெரிதும் உதவியவர்கள் நெருங்கிய உறவினர் அல்லர். எப்போதோ சந்திக்கும் அறிமுகமானவர்கள். இதை நம் லயத்தோடு பொருத்திப் பாருங்கள். லயத்தில் எல்லாரும் எல்லாரையும் அறிவர். ஆனால் அவர்கள் அறிந்தவரெல்லாம் அதே லயத்தவர். கொழும்பில் ஒரு நாற்காலி காலியாயிற்று என்ற செய்தி அங்கு வந்து சேர வழி ஏது? நம் பிள்ளைகளுக்குத் திறமை குறைவு என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். குறைவது திறமையன்று, செய்தி வரும் பாதை.

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் பொருளியலாளர் சிலர் தொழிற்சந்தைகளை நடத்தியே சோதித்தனர். வந்த நிறுவனங்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஒரு வேலைதான் பிறந்தது. சம்பளம் பற்றி இரு தரப்பினரும் கொண்டிருந்த எதிர்பார்ப்புகள் பொருந்தாமையும் அதற்கொரு காரணம். ஆயினும் அதன்பின் இரு தரப்பினரும் முன்னிலும் முயன்று தேடினர். பிலிப்பைன்ஸ் கிராமப்புற ஆய்வொன்றிலும், வெளிநாட்டு வேலைச் சந்தைக்குப் போனவர்கள் வெளிநாடு செல்லாவிடினும், உள்நாட்டில் முறைசார்ந்த வேலை பெறுவது கூடிற்று. ஆகவே சந்தை வீண் என்று நாம் கூறவில்லை. அது வேலை கொடுக்கும் இடமன்று. உலகைக் கண்டு கற்கும் இடம். பள்ளிக்கூடத்தை வேலைத்தலம் என்று பெயர் சூட்டி ஏமாற்றாதீர்கள் என்றே கூறுகிறோம்.

“போய்ப் பார்ப்பதில் நட்டம் என்ன?” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். பஸ் கட்டணம் யார் கொடுப்பது? ஒரு நாட் சம்பளம் இழந்த தாயைக் கேளுங்கள். தோட்டத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 1000 ரூபாய் என்ற கோரிக்கை வெல்ல 2021 வரை ஆயிற்று. தோட்டக் கூலியிலிருந்தே படப்பிரதிச் செலவும் சப்பாத்தின் விலையும் பிறக்கின்றன. நட்டமில்லை என்பது நட்டமடையாதவரின் கணக்கு.

எனவே நாம் கேட்பவை இவை: ஒவ்வொரு மேசையிலும் வேலை எது, எத்தனை பேர், எந்த ஊர், என்ன சம்பளம், ஊழியர் சேமலாப நிதி உண்டா என்று தமிழிலும் எழுதி வைக்கட்டும். மூன்று மாதம் கழித்து, எத்தனை பேர் வேலையில் சேர்ந்தனர், எத்தனை பேர் நிலைத்தனர் என்று கணக்கை வெளியிடட்டும். வந்து போனவர் தொகையை வெற்றியெனப் பறைசாற்றுவதை நிறுத்தட்டும். தொடக்க நிறுவனங்களை வளர்க்கப் பொதுப்பணம் செலவிடப்படுமாயின், அப்பணத்துக்கு ஈடாகத் தோட்டப் பிள்ளைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய பயிற்சி இடங்களை அவை ஒதுக்கட்டும். 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே எழுந்தது; பயிற்சிக்குக் களம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

ஆசிரியர்களே, மாணவர்களே! நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் பாடசாலையில் படித்து வெளியே போனவர்கள் எங்கெங்கே வேலை செய்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குவோம். ஸ்பிரிங்வெளியின் பிள்ளைக்குக் கொழும்பில் தெரிந்தவர் ஒருவராவது இருக்கட்டும். அன்று கங்காணி காசுக்குச் செய்த அந்த இணைப்பை, இன்று நாம் தலைக்காசு வாங்காமல் செய்வோம்.