சீட்டின்றி விற்கும் மருந்தும் சிறுநீரகம் இழக்கும் மக்களும்

தாய் ஈந்த சிறுநீரகத்தை உடலிற் பொருத்தி உயிர் மீண்ட ஒருவர், சில மாதங்களுள் சலக்கடுப்பினால் அச்சிறுநீரகத்தை இழக்க நேரிடுமாயின், பொறுப்பாளி யார்? கிருமி என்று கூறி நழுவுவோர் உளர். நாம் அதனை ஏற்கோம். அக்கிருமிக்குக் கவசம் அணிவித்தவர் யார் என்பதே நமது கேள்வி.

சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றோரை மிகுதியாகப் பீடிக்கும் தொற்று, சிறுநீர்ப்பாதைத் தொற்றே. புதிய உறுப்பை உடல் பகையெனத் தள்ளாதிருக்க, டக்ரோலிமஸ் போன்ற மருந்துகளால் உடலின் எதிர்ப்பாற்றலை ஓயாது அடக்கி வைத்தல் வேண்டும். காவலரின் கைகளைக் கட்டிவிட்ட அக்கோட்டைக்குப் பெருந்துணை, அன்ரிபயோட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தே. இன்றோ ஈ.கோலை, கிளெப்சியெல்லா முதலிய கிருமிகளுட் பல அம்மருந்தையே சிதைக்கக் கற்றுவிட்டன. மாத்திரைகள் தோற்க, ஆஸ்பத்திரியிற் கிடந்து ஊசி மருந்து ஏற்ற வேண்டியதாகிறது. அதுவும் தோற்றால் எஞ்சுவனவற்றுள், கொலிஸ்டினும் ஜென்டமைசின் இனத்தனவும் சிறுநீரகத்தையே பழுதாக்கக் கூடியவை. பெற்ற கொடையைப் பணயம் வைத்தே உயிரைக் காக்க வேண்டிய அவலம் இது!

நம் கமக்காரருக்கு இதனை விளக்க நெடிய வியாக்கியானம் வேண்டுவதில்லை. குளத்து நீர் பொதுச் சொத்து. இரவிலே களவாய்த் துரிசைத் திறப்பவன் தன் வயலை நனைக்கிறான். முதலிற் காய்வதோ கடைக்கோடி வயல். இம்மருந்தும் அத்தகைய பொதுச் சொத்தே. வைரசினால் வரும் தடிமனுக்கும் இதனைச் சீட்டின்றி விற்கும் கடைக்காரர், தேவையின்றி எழுதித்தரும் வைத்தியர், நோயற்ற கோழிக்குத் தீனியோடு ஊட்டும் பண்ணையாளர் ஆகிய யாவரும் துரிசைத் திறப்போரே. மாற்றுச் சிகிச்சை பெற்றவரே அந்தக் கடைக்கோடி வயல்.

இது அறியாமல் நேர்ந்த விபத்தன்று. குறைந்த அளவில் உண்டால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்று பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங் 1945இலேயே எச்சரித்தார். 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளின் நேரடி விளைவாய் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

சட்டம் இல்லையா? உண்டு. உறுப்புக்கொடையை ஒழுங்குசெய்ய 1987இன் 48ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஔடதங்களை ஒழுங்குசெய்ய 2015இன் 5ஆம் இலக்கச் சட்டமும் அதிகாரசபையும் உண்டு. ஆயினும் சீட்டின்றி மருந்து விற்றல் நாடறிந்த வழக்கமாய் நடைபெறுகிறது. வட்டவிதானை உறங்கினால் குளக்கட்டு இருந்தென்ன பயன்?

"வைத்தியரைக் காண வழியற்ற ஏழைக்கு மருந்துக் கடையே கதி" என்பர் சிலர். உண்மையே. ஆனால் அவ்வாதம் கடைக்காரரை விடுவிப்பதன்று. அரசாங்கத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது. வைத்தியரையும் பரிசோதனைக் கூடத்தையும் கிராமத்துக்கு அண்மையிற் கொணராதவர், ஏழையின் பெயரைச் சொல்லி ஒளிந்துகொள்ளலாகாது.

1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்டு, வவுனியாக் கமக்காரரையும் தொட்டுவிட்ட, காரணம் முற்றாகத் துணியப்படாத சிறுநீரக நோயை நாம் மறந்துவிடலாகாது. நாளை மாற்றுச் சிகிச்சையை நாடி நிற்பவர் நம் வயலில் இறங்கியவராகவே இருக்கலாம்.

ஆதலின் நாம் கோருவன மூன்று. சீட்டின்றி விற்போர்மீது சட்டம் பாய வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரி ஒவ்வொன்றும் சிறுநீரிற் கிருமியை வளர்த்து, அதற்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்து கொடுக்கும் வசதி பெற வேண்டும். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் இம்மருந்து கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் ஒழித்தது. கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை இந்தியா 2019இல் தடுத்தது. அக்கண்டிப்பு இங்கும் பண்ணைதோறும் நடைமுறையில் நிலவ வேண்டும்.

இவை யாசகம் அல்ல. தாய் ஈந்த உறுப்பைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு. அதனைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!