'4 அழகிகள் மீட்பு' சரி… கட்டட ஓனர் எங்கே?

'மசாஜ் சென்டரில் ரெய்டு: 4 அழகிகள் மீட்பு.' உங்க போனில் இந்தத் தலைப்பு எத்தனை முறை வந்திருக்கும்? கூடவே ஒரு படம்: துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வேனில் ஏறும் பெண்கள். கடைசி வரியில் ஒரு புரோக்கர் கைது. அவ்வளவுதான், அடுத்த செய்திக்குப் போயிடுவோம்.

அந்தக் கட்டடம் யாருடையது, மாதா மாதம் வாடகை யாருக்குப் போனது? போலீஸ் தரும் குறிப்பில் பெரும்பாலும் இது இருக்காது. அதை அப்படியே எடுத்துப் போடும் பத்திரிகைகளும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் பத்திரிகைக்கென்றே சட்டத்தில் ஒரு வேலை இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவைப் பாருங்கள். தெரிந்தே இடத்தை விபசார விடுதிக்கு விடும் உரிமையாளரும் குற்றவாளிதான். "வாடகைக்கு விட்டேன் சார், உள்ளே என்ன நடக்குதுன்னு எனக்கென்ன தெரியும்?" என்ற வழக்கமான பதிலுக்கும் அங்கே மருந்து உண்டு. சோதனையில் அந்த இடம் சிக்கியது என்று உரிமையாளர் வசிக்கும் பகுதியில் விற்பனையாகும் நாளிதழில் செய்தி வந்துவிட்டால், அவருக்கு விஷயம் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு.

ஆக, செய்தியில் வர வேண்டியது கதவு எண்ணும் தெருப்பெயரும். வருவதோ பெண்களின் படம்.

18-வது பிரிவு இன்னும் நேரடியானது. பொது இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் இப்படி ஒரு விடுதி நடந்தால், மாஜிஸ்திரேட் உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பி, 7 நாளில் விளக்கம் கேட்டு, இடத்தைக் காலி செய்ய உத்தரவிடலாம். அதன் பிறகு ஓராண்டுக்கு, அவர் ஒப்புதல் இல்லாமல் யாருக்கும் வாடகைக்கு விட முடியாது. உரிமையாளரைத் தேடி அலையவும் வேண்டாம். சொத்து வரிப் பதிவேடு மாநகராட்சியிடமே இருக்கிறது.

ஆனால் நிர்வாகத்துக்கு எளிதாகத் தோன்றுவது கேமராதான். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஸ்பாக்களில் சிசிடிவி வைக்கச் சொன்னார். சில வாரங்களிலேயே, ஸ்பாவுக்குள் கேமரா என்பது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்றார் மதுரைக் கிளையின் இன்னொரு நீதிபதி. எங்களுக்கு இரண்டாவது தீர்ப்பே சரியாகப் படுகிறது. கேமரா அங்கே வேலை செய்யும் பெண்ணைத்தான் பார்க்கும், வாடகை வாங்குபவரை அல்ல.

அடுத்து எஃப்.ஐ.ஆர். விடுதி நடத்தியதாக மட்டும் வழக்குப் போட்டால், முதல் முறை சிக்குபவருக்குக் குறைந்தபட்ச தண்டனை 1 ஆண்டு. வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏமாற்றிக் கூட்டி வந்தது தெரிந்து, பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவைச் சேர்த்தால் 7 ஆண்டு. எந்தப் பிரிவு என்பதை முடிவு செய்வது, அந்தப் பெண் முதல் சில மணி நேரத்தில் என்ன சொல்கிறார், அதை யார் கேட்கிறார் என்பதுதான். சோதனைக்குப் போகும்போது இரண்டு பெண் போலீசாராவது உடன் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது வேனில் ஏற்றுவதற்காக மட்டுமல்ல.

சரி, மீட்ட பிறகு? மாஜிஸ்திரேட் விசாரிக்கும் வரை 3 வாரம் வரை காப்பகம். தேவையென்று அவர் முடிவெடுத்தால் 1 முதல் 3 ஆண்டு பாதுகாப்பு இல்லம். புரோக்கருக்குக் கிடைக்கும் குறைந்தபட்ச தண்டனையைவிட அதிக நாள் 'மீட்கப்பட்டவர்' பூட்டிய கதவுக்குள் இருக்க நேரிடலாம்! ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவரும், வேறு வழி தெரியாமல் தானே வந்தவரும் ஒரே வேனில்தான் ஏற்றப்படுகிறார்கள். இதனால்தான் 2022 மே 19-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், விருப்பத்துக்கு மாறாகக் காப்பகங்களில் இருக்கும் வயதுவந்த பெண்களைக் கண்டறிந்து விடுவிக்க நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களிடம் கூறியது. சுய விருப்பத்தில் தொழில் செய்யும் வயதுவந்தவர்களை ரெய்டின்போது கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்ற பரிந்துரையும் அந்த உத்தரவில் இடம்பெற்றிருந்தது.

அதே உத்தரவில் எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு வரி இருக்கிறது. பாதிக்கப்பட்டவரோ, குற்றம் சாட்டப்பட்டவரோ, அடையாளம் தெரியும்படி படம் போடக் கூடாது. முகத்தைத்தான் மூடியிருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அந்தத் துப்பட்டாவே போதும்.