விடியலுக்கேற்ற பழஞ்சோறு

சின்ன வெங்காய விளைச்சலுக்குப் பெயர்பெற்றது பெரம்பலூர் மாவட்டம். ஆயினும், விடியுமுன் திருச்சிக்குப் பேருந்தேறும் பெரம்பலூராரும், அரியலூரில் தொடர்வண்டி பிடிப்போரும், சமைக்க நேரமில்லையென்று காப்பியெனும் குளம்பியை வெறுவயிற்றில் ஊற்றிக்கொண்டு ஓடுகின்றனர். நேரமில்லார்க்கென்றே தமிழ்ப் பாட்டியர் கண்ட உணவன்றோ பழஞ்சோறு! இரவு எஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்தால் போதும். காலையில் அடுப்பு வேண்டா, எரிவளி வேண்டா. உப்பும் மோரும் நான்கு வெங்காயமுமே போதும். அந்நீரை 'நீராகாரம்' என வடசொற் கலந்தழைத்தனர். பின்னர் அவ்வுணவையே ஏழைமைக்கு அடையாளமென இழிக்கவும் கற்றனர். புளித்த சோற்றுக்கு நாணுவோர், புளிக்கவைத்த வாற்கோதுமைநீரைப் 'பீர்' என விலைகொடுத்துப் பருகுவதுதான் வியப்பு! இழிவு பானையில் இல்லை. தம்மைத் தாமே தாழ்த்தும் உள்ளத்தில் உள்ளது. தமிழர்களே! இன்றிரவே சோற்றில் நீரூற்றி வையுங்கள். நாளை அதனைப் பழஞ்சோறென்றே பெயர் சொல்லி உண்ணுங்கள்!