அலைவரிசை யாருடைய சொத்து?

2001 ஜூன் 30 அதிகாலை, மயிலாப்பூர் ஆலிவர் சாலை வீட்டில் திமுக தலைவர் மு.கருணாநிதி கைது செய்யப்பட்டார். சன் டிவி பார்த்தவர்கள், முதிய தலைவர் ஒருவரைப் போலீஸார் இழுத்துச் செல்வதைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள். அதிமுக தரப்பின் ஜெயா டிவி பார்த்தவர்களோ, போலீஸாரைக் கடமையைச் செய்யவிடாமல் திமுகவினர் தடுப்பதைக் கண்டார்கள். அந்த நிலை இன்றும் மாறவில்லை, சேனல்கள்தான் பெருகியிருக்கின்றன.

இதற்கான பழியைத் தொலைக்காட்சி நெறியாளர்கள் மீது போடுவது எளிது. அது நியாயமல்ல, கோளாறு முதலாளியிடம் இருக்கிறது. 1993இல் தொடங்கிய சன் டிவி, பல ஆண்டுகள் திமுக தலைமையகமான தேனாம்பேட்டை அண்ணா அறிவாலயத்திலேயே இயங்கியது. 2007 மே மாதம் சன் குழுமத்தின் தினகரன் நாளிதழின் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் உயிரிழந்தனர். இதையொட்டி, சன் டிவியை நடத்தும் மாறன் குடும்பத்துக்கும் கருணாநிதி குடும்பத்துக்கும் இடையே விரிசல் விழுந்தது. செப்டம்பரில் கருணாநிதி தரப்பிலிருந்து கலைஞர் டிவி வந்தது. ஜெயலலிதா மறைவுக்குப் பின் ஜெயா டிவி சசிகலா தரப்பில் நின்றதால், 2018இல் அதிமுகவுக்காக நியூஸ் ஜெ பிறந்தது. குடும்பமோ கட்சியோ உடையும்போதெல்லாம் இங்கே ஒரு சேனல் முளைக்கிறது. பார்ப்பவரின் தேவைக்கு இதில் இடமே இல்லை.

கேபிள் இதைவிட ஆபத்தானது. பிடிக்காத சேனலை மாற்றிவிடலாம். எந்தச் சேனல் வீட்டுக்குள் வரலாம் என்பதையே தீர்மானிப்பவரை என்ன செய்வது? சென்னையில் சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் கோலோச்சியது. அதற்கு மாற்றாக 2007இல் கருணாநிதி ஆட்சியில் அரசு கேபிள் டிவி நிறுவனம் உருவானது. 2008 டிசம்பரில் மாறன், கருணாநிதி குடும்பங்கள் சமாதானமாயின; அரசு கேபிளும் முடங்கியது. 2011இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அதற்கு உயிர் கொடுத்து, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தார். கட்டணம் குறைந்ததை மனதார வரவேற்கிறோம். ஆனால் ஒரு குடும்பத்தின் பிடியிலிருந்த கம்பி, ஆளுங்கட்சியின் பிடிக்குப் போனது. அது விடுதலை ஆகாது.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்தது. அரசியல் கட்சிகளும் அரசுகளும் ஒளிபரப்பிலும் கேபிள் விநியோகத்திலும் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008, 2012, 2014 என மூன்று முறை பரிந்துரைத்தது. டெல்லியில் ஆண்ட காங்கிரஸும் பாஜகவும் அதைச் சட்டமாக்கவில்லை. கட்சிக்குப் பேச உரிமை இல்லையா என்று கேட்கலாம். திமுக நாளேடான முரசொலியை வாங்குபவர் அது யாருடைய குரல் என்று தெரிந்தே வாங்குகிறார். ‘செய்தி’ என்று பெயரிட்டுப் பொது அலைவரிசையில் கட்சிப் பிரச்சாரம் செய்வது வேறு.

கட்சிகளை மட்டும் விலக்கினால் போதாது. என்டிடிவி 2022 டிசம்பரில் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. நியூஸ்18 தமிழ்நாடு ரிலையன்ஸ் குழுமத்தினுடையது. ஒரே கை எத்தனை சேனல், எத்தனை பத்திரிகை, எவ்வளவு கேபிள் வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு வேண்டும். உரிமையாளர் யார் என்பதைத் திரையிலேயே காட்ட வேண்டும். அரசு கேபிளை, ஆட்சியாளர் தலையிட முடியாத தன்னாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும்.

சட்டம் இயற்றும் இடத்திலேயே சேனல் முதலாளிகளின் உறவு இருக்கிறது: மத்திய சென்னை எம்.பி. தயாநிதி மாறன், சன் குழுமத் தலைவர் கலாநிதி மாறனின் தம்பி. வாக்காளர்களே, வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சியினரிடமும் கேளுங்கள்: டிராய் பரிந்துரையைச் சட்டமாக்க நாடாளுமன்றத்தில் குரல் கொடுப்பீர்களா?